காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளும் மரபணு நோயும்: நிபுணரைத் தேடும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

மரபணு நோய் நிபுணர் ஒருவரிடம் போனால், அவர் முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்கள் குடும்பத்தின் வம்சாவழிப் படத்தைக் கீறத் தொடங்குவார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். நோய் உள்ளவரின் உருவம் கறுப்பாக நிரப்பப்படும். இறந்தவரின் உருவத்துக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு விழும். பெற்றோர், அவர்களுடைய சகோதரர்கள், அப்பப்பா, அம்மம்மா என்று குறைந்தது மூன்று தலைமுறையைப் பற்றிக் கேட்பார். எத்தனை வயதில் இறந்தார், எதனால் இறந்தார் என்பதும் அந்தக் கேள்விகளில் அடங்கும்.

அரிய மரபணு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலரை அண்மையில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சந்தித்துப் பேசினேன். நிபுணர் ஒருவரின் பெயரைக் கண்டுபிடிப்பதும், கொழும்புக்குப் போய்வரப் பணம் திரட்டுவதும் அவர்களுக்குப் பெரும் பாடாகவே இருந்தன. ஆனால், நிபுணரின் முன்னால் போய் இருந்த பிறகு அவர்களைத் தடுமாற வைத்தது அந்தத் தாள்தான். போர் வீடுகளையும் உயிர்களையும் மட்டும் கொண்டுபோகவில்லை. ஒரு குடும்பத்தின் உடலைப் பற்றிய அறிவையும் கொண்டுபோய்விட்டது. அந்த அறிவை எவ்வளவு தூரம் மீட்கலாம், அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போகலாம் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அரிது என்றால் எவ்வளவு அரிது?

2,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் நோயை அரிய நோய் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரையறுக்கிறது. உலகில் இத்தகைய நோய்கள் 6,000க்கும் மேல் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு, மரபணுவில் உண்டாகும் மாற்றத்தால் வருபவை. பெரும்பாலானவை சிறுவயதிலேயே வெளிப்படத் தொடங்குகின்றன.

ஒரு பிரதேச வைத்தியசாலையில் நாளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளர்களைப் பார்க்கும் வைத்தியர், இந்த ஆறாயிரத்தில் ஒரு குறிப்பிட்ட நோயைத் தன் சேவைக்காலம் முழுவதும் காணாமலே போகலாம். அதனால் பிள்ளையின் கண்ணை ஒருவர் பார்ப்பார், முதுகெலும்பை இன்னொருவர் பார்ப்பார், இருதயத்தை மூன்றாமவர் பார்ப்பார். மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்பதை இணைத்துப் பார்க்க ஆள் கிடைக்கும்வரை ஆண்டுகள் கழிந்துவிடும்.

ஒரு நோயை எடுத்துக்கொண்டு பேசினால் இது தெளிவாகும். மார்ஃபான் சிண்ட்ரோம் என்ற நோயை எடுத்துக்கொள்வோம்.

மார்ஃபான் சிண்ட்ரோம்

1896இல் பிரெஞ்சு சிறுவர் வைத்தியர் அன்ரொயின் மார்ஃபான், வழமைக்கு மாறாக நீண்ட விரல்களும் கைகால்களும் கொண்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவரது பெயரே நோய்க்கு நிலைத்தது. அதற்குக் காரணமான மரபணு 1991இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 15ஆவது நிறமூர்த்தத்தில் உள்ள எஃப்பிஎன்1 என்ற அந்த மரபணு, உடலின் தொடுப்பிழையத்துக்கு வலுவும் நெகிழ்வும் கொடுக்கும் ஃபைபிரிலின் என்ற புரதத்தை உண்டாக்குகிறது. அதில் பிழை ஏற்பட்டால் எலும்பு, கண், இருதயம், குருதிக்குழாய் எல்லாவற்றிலும் அதன் விளைவு தெரியும்.

இந்த நோயுள்ளவர்கள் பெரும்பாலும் நெடிய உடல்வாகு கொண்டவர்கள். இரு கைகளையும் விரித்தால் அதன் அகலம் அவர்களது உயரத்தை மிஞ்சும். பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் பொத்தினால், பெருவிரலின் நகம் கையின் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நெஞ்செலும்பு குழிந்தோ முன்தள்ளியோ இருக்கலாம், முதுகெலும்பு வளைந்திருக்கலாம், பாதம் தட்டையாக இருக்கலாம். கண்ணின் வில்லை தன் இடத்தைவிட்டு விலகலாம். இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் அது நோய் என்றாகிவிடாது. நெட்டையானவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர்.

உயிருக்கு ஆபத்தானது, வெளியே தெரியாத ஒன்று. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் அடிப்பகுதி ஆண்டுக்காண்டு மெல்ல விரிந்து, ஒருநாள் அதன் சுவர் கிழியலாம். கிழியும்வரை பெரும்பாலும் எந்த வலியும் இருக்காது.

ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உள்ளது. எந்த இனத்தையும் அது விட்டுவைப்பதில்லை; ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே அளவில் வருகிறது. இந்தக் கணக்கின்படி இலங்கையில் 4,000க்கு மேற்பட்டோருக்கும், வட மாகாணத்தில் மட்டும் 200 பேரளவிலும் இந்த நோய் இருக்க வேண்டும். அவர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது.

கோடு போட வேண்டாம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் சந்தித்த தாய் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு வயது 17. பாடசாலையில் நடந்த கண் பரிசோதனையில் பார்வைக் குறைபாடு தெரியவந்து, கண் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டான். வில்லை விலகியிருப்பதைக் கண்ட கண் வைத்தியர், இருதயத்தையும் பார்க்கவேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"பள்ளிக்கூடத்தில கொக்கு எண்டுதான் பட்டம் வைச்சவங்கள். தகப்பனும் அப்பிடித்தான் தங்கச்சி, நெட்டை. அது அவையின்ர குடும்ப வாகு எண்டு நாங்கள் இருந்திட்டம்" என்றார் அந்தத் தாய்.

எக்கோ பரிசோதனையில் மகனின் பெருநாடி எல்லைக்கோட்டு அளவில் இருந்தது. நோய் இது என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று விடவும் முடியவில்லை. கொழும்பில் மரபணு நிபுணர் ஒருவர் தாளை எடுத்துக் கேட்கத் தொடங்கினார். பிள்ளையின் தகப்பன் 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர். தகப்பனின் தமையன், 2006இல் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். அப்போது அவருக்கு வயது 31. மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். குடும்பப் படங்கள் அத்தனையும் இடப்பெயர்வில் போய்விட்டன.

"டொக்டர் எழுதிக்கொண்டு வந்து, இவரின்ர பெட்டிக்கு மேல கோடு போடப் போனார். நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவர் செத்தவர் எண்டு ஆர் சொன்னது? டொக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, பக்கத்தில ஒரு கேள்விக்குறியைப் போட்டார்."

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் அரசு இரண்டு விதமான கடதாசிகளை நீட்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ். 2016இல் அந்தச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் கீழ், மரணத்தை ஏற்காமலே பெறக்கூடிய காணப்படாமைச் சான்றிதழ். சொத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அவை உதவலாம். அந்த மனிதரின் உடலில் என்ன இருந்தது என்பதை இரண்டும் சொல்லாது.

குடும்ப வரலாறு ஏன் இவ்வளவு முக்கியம்?

மார்ஃபான் சிண்ட்ரோமை உறுதிப்படுத்த உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்துவது, 2010இல் திருத்தப்பட்ட கென்ட் அளவுகோல்களை. அவற்றின்படி, குடும்பத்தில் வேறு எவருக்கும் நோய் இல்லை அல்லது தெரியாது என்றால், வில்லை விலகியிருப்பது மட்டும் போதாது. பெருநாடியும் விரிந்திருக்கவேண்டும், அல்லது பொருத்தமான மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். நெருங்கிய குருதி உறவினர் ஒருவருக்கு நோய் தனியாக உறுதிப்படுத்தப்பட்டிருந்தாலோ, வில்லை விலகியிருப்பதே போதும். அதாவது, ஒரே பிள்ளை, ஒரே உடல். சித்தப்பாவையோ மாமியையோ பற்றி என்ன தெரியும் என்பதைப் பொறுத்து வைத்தியரின் முடிவு மாறுகிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற கரப்பந்தாட்ட வீராங்கனை ஃபுளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் நடந்த போட்டியொன்றின்போது சரிந்து விழுந்து இறந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றே கருதப்பட்டது. உடற்கூற்றுப் பரிசோதனையில்தான் பெருநாடி கிழிந்ததும், அவருக்கு மார்ஃபான் சிண்ட்ரோம் இருந்ததும் தெரியவந்தது. அதன்பிறகு பரிசோதிக்கப்பட்ட அவரது சகோதரருக்கும் அதே நோய் இருப்பது கண்டறியப்பட்டு, உரிய காலத்தில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அக்காவின் மரணத்துக்குக் காரணம் தேடியதால் தம்பி காப்பாற்றப்பட்டார். 2006இன் வன்னியில் பங்கர் குழியருகில் விழுந்த மனிதருக்கு அப்படிக் காரணம் தேட எவருக்கும் நேரமிருக்கவில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் இருக்கும் சாட்சியம்

ஆனால், வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. நம்மில் பல குடும்பங்களின் படங்கள் இடப்பெயர்வுக்கு முன்பே தபாலில் வெளிநாடு போயிருக்கின்றன. கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, சாமத்தியச் சடங்கில் எடுத்த குடும்பப் படம் என்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சூரிச்சிலோ ஏதோ ஓர் அல்பத்தில் அவை இருக்கும். விரல்களின் நீளம், நெஞ்சின் அமைப்பு, தடித்த கண்ணாடி எல்லாம் அவற்றில் தெரியும். படம் நோயை நிரூபிக்காது. எங்கே தேடவேண்டும் என்பதைக் காட்டும்.

மேலே சொன்ன குடும்பத்தில் நடந்ததும் இதுதான். படங்களைக் கேட்டு கனடாவிலுள்ள தகப்பனின் தங்கைக்கு அழைப்பெடுத்தபோது, தனக்கு இரு கண்களிலும் வில்லைச் சத்திரசிகிச்சை நடந்ததாக அவர் சொன்னார். அவருக்கு வயது 44. ஏன் இவ்வளவு சிறுவயதில் அது தேவைப்பட்டது என்று அவர் கேட்டதில்லை. தன் குடும்ப வைத்தியரிடம் போய் மருமகனைப் பற்றிச் சொன்ன பிறகு எடுத்த எக்கோவில், அவரது பெருநாடி 46 மில்லிமீற்றருக்கு விரிந்திருந்தது. மரபணுப் பரிசோதனையும் செய்யப்பட்டது. அதன் அறிக்கை வாட்ஸ்அப்பில் முல்லைத்தீவுக்கு வந்தது.

இந்த அறிக்கையின் பெறுமதி பலருக்குத் தெரிவதில்லை. மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பது உறவினர் ஒருவரில் கண்டறியப்பட்டுவிட்டால், மற்றவர்களில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முழு மரபணுவையும் தேடுவதைவிட இது மலிவானது, விடையும் தெளிவானது. மகனிடம் அதே மாற்றம் இருந்தது. 20 வயதான அக்காவிடம் அது இல்லை. அவளுக்கு இனி இந்த நோய்க்காக ஆண்டுதோறும் எக்கோ எடுக்கத் தேவையில்லை. அவளது பிள்ளைகளுக்கு அவளிடமிருந்து இந்த நோய் போகாது.

யாரிடம் போவது?

நோய்க்குறித் தொகுதிக்கு "ஒரே நிபுணர்" என்று பெரும்பாலும் எவரும் இல்லை. மார்ஃபானுக்கு கண், இருதயம், மரபணு ஆகிய மூன்று துறையினரும் வேண்டும். முதல் இரண்டையும் கொழும்புக்குப் போகாமலே பெறலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் கண், இருதயப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலையில் எக்கோ இலவசம். வெளிநோயாளர் பிரிவிலோ, சிறுவர் நோய் நிபுணரிடமோ, உங்கள் குடும்ப வைத்தியரிடமோ சந்தேகத்தைச் சொல்லி கடிதம் பெறுவதே தொடக்கம்.

மரபணு நிபுணர்கள் நாட்டில் மிகக் குறைவு. பெரும்பாலும் கொழும்பையும் பல்கலைக்கழக மருத்துவ பீடங்களையும் சார்ந்தே இருக்கிறார்கள். கொழும்பு கின்சி வீதியிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபணுப் பிரிவு 1983இல் ஆரம்பிக்கப்பட்டது. மரபணு ஆலோசனையும் பரிசோதனையும் அங்கு நடைபெறுகின்றன. பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் பெற்றோர், மரபணு ஆலோசனைக்கும் கடிதம் தரமுடியுமா என்று அங்குள்ள வைத்தியரிடமே கேட்கலாம். தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணுவதானால், பணம் கட்டுமுன் அந்த நிபுணர் இந்த வகை நோயாளர்களைப் பார்ப்பவரா என்று தொலைபேசியில் விசாரியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு பயணத்துக்கு ஒரு வாரக் கூலி போய்விடும். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். கொண்டுபோக வேண்டியவை:

- கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், எல்லா எக்கோ அறிக்கைகளும். பெருநாடியின் அளவு மில்லிமீற்றரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள்.
- பிள்ளை பிறந்தபோது கொடுத்த வளர்ச்சிப் பதிவேடு.
- வீட்டிலேயே கீறிய வம்சாவழிப் படம். தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுங்கள். ஊகம் வைத்தியரைத் தவறான பக்கம் திருப்பிவிடும்.
- உறவினர்களின் படங்களும், வெளிநாட்டில் எடுத்த பரிசோதனை அறிக்கைகளும்.

கேட்க வேண்டியவையும் உண்டு. இதே தோற்றத்தைத் தரும் வேறு நோய்களை விலக்கிவிட்டீர்களா? அடுத்த எக்கோ எப்போது? வீட்டில் வேறு யாரைப் பரிசோதிக்கவேண்டும்? இரத்த மாதிரியை மட்டும் இங்கிருந்து அனுப்ப முடியுமா? இரண்டாவது முறை நேரில் வராமல் முடிவைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? தமிழில் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வது நல்லது. ஆனால், தாயின் வலியையும் தகப்பனின் வரலாற்றையும் பிள்ளையே மொழிபெயர்க்கும் நிலையை முடிந்தவரை தவிர்த்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலாகப் பரிசோதிக்கப்படும் குடும்பத்தில் முடிவு எப்போதும் ஆம் அல்லது இல்லை என்று வராது. "பொருள் விளங்காத மாற்றம்" என்றும் வரலாம். ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் ஆகாது. அதனால்தான் பரிசோதனைக்கு முன்னரும் பின்னரும் ஆலோசனை அவசியம்.

பெயர் தெரிந்தால் என்ன கிடைக்கும்?

"மாற்ற முடியாத நோய்க்கு ஏன் இத்தனை அலைச்சல்?" என்று பல பெற்றோர் கேட்டார்கள். 1972இல் வெளியான ஆய்வொன்றில், மார்ஃபான் உள்ளவர்கள் சராசரியாக 32 வயதில் இறந்திருந்தார்கள். இன்று முறையாகக் கண்காணிக்கப்படுவோர் 70 வயதளவிலும் வாழ்கிறார்கள். இந்த மாற்றத்துக்குக் காரணமானவை மூன்று: கிரமமான எக்கோ, அட்டனலோல், லொசார்ட்டன் போன்ற சாதாரண பிரஷர் மாத்திரைகள், பெருநாடி கிழியுமுன் செய்யப்படும் சத்திரசிகிச்சை. பெரியவர்களில் பொதுவாக 50 மில்லிமீற்றரை அண்மிக்கும்போது சத்திரசிகிச்சை பற்றிப் பேசப்படும்.

பாரம் தூக்குவதையும், உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளையும் தவிர்க்கவேண்டும். சிப்ரோபுளொக்சசின் வகை அன்ரிபயோட்டிக்குகளை இந்த நோயுள்ளவர்களுக்கு இயன்றவரை தவிர்க்குமாறு 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனாலும் நோயின் பெயரைச் சொல்லுங்கள். பெண்கள் கர்ப்பம் தரிக்குமுன் பெருநாடியை அளந்து பார்ப்பது கட்டாயம். நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பதுபோல் கடும் வலி வந்தால் அடுத்த நாளுக்குப் பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போய், முதல் வார்த்தையாக "மார்ஃபான்" என்று சொல்லவேண்டும்.

நம் மக்களுக்கென்று தனியாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. உடலில் ஷெல் துண்டு இருப்பவர்கள், பெருநாடியைப் பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும். தேவையென்றால் சிடி ஸ்கானில் பார்க்கலாம்.

யாருடைய குற்றமும் அல்ல

குண்டுப் புகையால் வந்ததா, சொந்தத்துக்குள் முடித்ததால் வந்ததா, செய்வினையா என்று இந்தப் பெற்றோர் ஆண்டுக்கணக்காகத் தங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெருங்கிய உறவுத் திருமணம் வேறு சில மரபணு நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. மார்ஃபான் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. தாயோ தகப்பனோ ஒருவரிடம் இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. நோயுள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. போர் நடக்காத நாடுகளிலும் அப்படித்தான். மருமகளைக் குற்றம் சொல்லும் மாமியார்களும், சம்பந்தம் குழம்பிவிடும் என்று மகளின் எக்கோ அறிக்கையை ஒளித்துவைக்கும் தாய்மாரும் இதை அறியவேண்டும். ஒளித்துவைத்த அறிக்கை, அந்த மகளின் முதல் பிரசவத்திலேயே அவளது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

வடக்கு, கிழக்கின் ஒவ்வொரு போதனா வைத்தியசாலையிலும் குறித்த நாட்களில் தமிழில் நடக்கும் மரபணு ஆலோசனைக் கிளினிக் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நோயாளியும் தாயும் 400 கிலோமீற்றர் போவதைவிட, ஒரு நிபுணர் மாதமொருமுறை வருவதோ, இரத்தக் குப்பி ஒன்று குளிர்ப்பெட்டியில் போவதோ எளிது. மாகாண சுகாதாரத் திணைக்களமும் மருத்துவ பீடங்களும் பேசி முடிக்கக்கூடிய காரியம் இது.

அதுவரை குடும்பங்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அம்மம்மாவும் அப்பாச்சியும் நினைவோடு இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள். யார் நெட்டை, யாருக்குச் சிறுவயதில் கண் போனது, யார் வேலை செய்துகொண்டிருந்தபோது திடீரென்று விழுந்தார், அப்போது என்ன வயது என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் படம்பிடித்து வெளிநாட்டு உறவுகளுக்கும் அனுப்பிவையுங்கள். இனி ஓர் இடப்பெயர்வு வந்தாலும் அது தொலையாது.